பாட்டு வண்டியின் ஆறாவது நிறுத்தம்

காலை ஏழு பத்து பஸ்ஸை ஓட்டியவரை எல்லோரும் பாட்டு டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் டிப்போ பதிவேட்டில் மட்டும் இருந்தது. இளவயதில் லாரி கிளீனராக இருந்த காலத்தில், வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும் ஆள். இடது புருவத்துக்கு மேலே உள்ள தையல் தழும்பு, வழிவிடாத ஒரு வேன்காரனோடு மல்லுக்கட்டியதில் கிடைத்தது. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ வைத்திருந்த ரேடியோவில் ஒரு பாட்டைக் கேட்டார். ஆயுதங்கள் துருப்பிடித்துக் கிடக்கும், ஒருவர்மேல் ஒருவர் கை ஓங்க மாட்டார்கள், யாரையும் வெளியே நிறுத்தாத ஓர் உலகம் வரும் என்று சொல்கிற பாட்டு. அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர், அதற்குப் பிறகு யார்மேலும் கை வைக்கவில்லை. பாட்டு அவரிடம் வேலை செய்தது என்பதை அவரைப் பிடிக்காதவர்கள்கூட மறுக்க மாட்டார்கள்.

ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர். தினமும் காலையில் அந்தப் பாட்டுதான். ஏறுகிறவர்களும் கூடவே பாடுவார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்காரும் கோர்ட் குமாஸ்தா மட்டும் வாயைத் திறக்க மாட்டார். நாளெல்லாம் வழக்குக் கட்டுகளைப் புரட்டுகிற மனிதர், நம்பிக்கை கொஞ்சம் குறைச்சல்.

“நடக்கிற காரியமா இது, டிரைவர்?”

“ஏன் சார் நடக்காது? இந்த பஸ்ல அறுபது பேர் இடிச்சுக்கிட்டு வர்றோம். ஒரு சண்டை வந்திருக்கா? அறுபது பேருக்கு முடியும்னா ஊர் உலகத்துக்கு முடியாதா?”

“அறுபது பேரும் அரை மணி நேரத்துல இறங்கிடறோம்ல” என்பார் குமாஸ்தா. பஸ்ஸே சிரிக்கும்.

ஆறாவது நிறுத்தத்தில் ஏறுகிற பெண், ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இரவு வேலை பார்ப்பவள். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருக்கும். ஜன்னலில் தலையைச் சாய்த்ததும் கண் சொருகும். பாட்டு அவளைத் தூங்கவிடாது.

“அண்ணே, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்களேன். ராத்திரி பூரா மெஷின் பக்கத்துல நின்னுட்டு வர்றேன்.”

“இந்தப் பாட்டுக்கு வராத தூக்கம் வேற எதுக்கும்மா வரப்போகுது?” என்று சிரித்தாரே தவிர, குறைக்கவில்லை. இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். பிறகு டிப்போவுக்குப் புகார் எழுதினாள்.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, மற்ற டிரைவர்கள் எதிரிலேயே, “சமாதானப் பாட்டைக் கொஞ்சம் சமாதானமாப் போடுய்யா” என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாட்டு டிரைவருக்குச் சுருக்கென்றது. இப்படிப்பட்ட பாட்டின்மேல் ஒருத்தி புகார் எழுதுவாளா என்று மனம் கொதித்தது. பாட்டுக்காகத்தான் கோபம் என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டார்.

மறுநாள் அவள் நிறுத்தத்துக்குப் பத்தடி தள்ளி ஓடி வந்துகொண்டிருந்தாள். கண்ணாடியில் பார்த்தார். கதவை மூடிவிட்டு வண்டியை எடுத்தார். நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்ற சட்டம் அவர் பக்கம் இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. பின்னாலிருந்து ஒருவன், “விடுங்கண்ணே, நாளைக்காவது நேரத்துக்கு வரட்டும்” என்றான். சிரிப்பு. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அவள் ஓடவில்லை. நாலு எட்டு வைத்தால் ஏறிவிடலாம். ஆனால் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்று, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். கையைக்கூடக் காட்டவில்லை. அவர் வண்டியை எடுத்துவிட்டார். அன்று குமாஸ்தா வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் இதை வேடிக்கைக் கதையாகச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

“நானும் ரெண்டு பஸ் மாறித்தான் வேலைக்குப் போறேன்” என்றாள். அவருடைய காக்கிச் சட்டையை மடித்து அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பாட்டு டிரைவருக்குக் காதுமடல் வரை சூடேறியது. லாரிக் காலத்தில் முகத்துக்கு நேரே நின்று அடித்தார், எதிராளியும் திருப்பி அடித்தான். இதை அவர் கண்ணாடிக்குள் இருந்துகொண்டு, பாட்டை ஓடவிட்டு, இரவெல்லாம் நின்று களைத்த ஒருத்திக்குச் செய்திருந்தார். அவளை வெளியே விட்டுவிட்டுத்தான் அறுபது பேரும் உள்ளே ஒற்றுமையாகச் சிரித்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. சேச்சே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் ஆறாவது நிறுத்தத்தில் காத்திருந்தார். அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள், இரண்டு நிறுத்தம் தள்ளிப் பெரிய சாலையில் அவள் நடந்துபோவதைப் பார்த்தார். வேறு பஸ் பிடிக்க அவ்வளவு தூரம் நடக்கிறாள். நிறுத்தமே இல்லாத இடத்தில் வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறந்தார்.

“ஏறிக்கோங்கம்மா. பாட்டை நிறுத்திட்டேன்.”

அவள் உள்ளே தெரிந்த முகங்களைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“பரவால்லைண்ணே, நீங்க போங்க. உள்ள எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. நான் எதுக்கு நடுவுல?”

தப்பு என்மேல்தான் என்று சொல்ல வேண்டும். ஆனால் அறுபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “டைம் ஆச்சுண்ணே!” என்று யாரோ கத்தினார்கள். அவர் கதவை மூடினார்.

அன்றோடு ஸ்பீக்கர் வீட்டுக்குப் போய்விட்டது. கேட்டவர்களிடம் ரிப்பேர் என்றார், அது பொய். பிறகு அவளை அவர் பார்க்கவே இல்லை. ஓய்வு பெறும் வரை ஆறாவது நிறுத்தத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு நிமிடம் கதவைத் திறந்து வைத்திருப்பார். புதிதாக வந்தவர்கள் அதை டிப்போ உத்தரவு என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடைசி நாளன்று, அந்த ஒரு நிமிடத்தில், குமாஸ்தா முன்னால் குனிந்து பழைய கேள்வியை மெதுவாகக் கேட்டார்.

“இப்பச் சொல்லுங்க டிரைவர். நடக்குமா?”

“நடக்கும் சார்” என்றார். “என்னை மாதிரி ஆள் ஓட்டாம இருந்தா.”

நிமிடம் முடிந்ததா என்று மணியைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் இருந்தது. காத்திருந்தார்.