ஸ்மால், பேசிக்

என் அக்கா கணவருக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் இல்லை. போர்வெல் எங்கே போடுவது, எந்த டாக்டரிடம் போவது, அடுத்தவன் கேமராவில் எந்தப் பொத்தானை அழுத்துவது, எல்லாம் தெரியும். அவரை எனக்குப் பிடிக்காது. முன்பு மறைத்தேன், இப்போது மறைப்பதில்லை.

பெங்களூருவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு கேமரா வாங்கிக்கொண்டு சொந்த ஊரான இண்டூருக்கு வந்தேன். குடும்பமே ஒகேனக்கல் கிளம்பியது. பஸ்ஸிலேயே மாமா கேமராவைப் பிடுங்கிக்கொண்டார். இன்னும் எண்ணூறு படம் எடுக்கலாம் என்று திரையின் மூலையில் காட்டியது. அவருக்கு அது போதவில்லை.

“என்னா மச்சான், இத்தன பேரு போறோம், எண்ணூறு எந்த மூலைக்கு?”

மெனுவுக்குள் புகுந்து, பட அளவை லார்ஜிலிருந்து ஸ்மாலுக்கும், தரத்தை ஃபைனிலிருந்து பேசிக்குக்கும் இறக்கினார். எண்ணூறு ஒன்பதாயிரத்துச் சொச்சமாகத் தாவியது. அதை ஒவ்வொரு சீட்டாகக் கொண்டுபோய்க் காட்டினார்.

“வேணாம் மாமா, பெருசாக்குனா படம் ஒடஞ்சிரும்” என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. முன்சீட்டிலிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாள்.

“வுடுடா. மாப்ள சொல்றாருல்ல.”

எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஒரு பொங்கலுக்கு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனதை அம்மா சாகும்வரை மறக்கவில்லை. விட்டுவிட்டேன்.

அன்று எடுத்தது மொத்தமே நூற்றுச் சொச்சம் படம். அதில் பாதி மாமா, கூலிங் கிளாஸோடு. ஒன்றே ஒன்றில்தான் அம்மா. கேமராவைக் கண்டாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள், பரிசலிலிருந்து இறங்கி, சேலையெல்லாம் நனைந்து, கூட்டத்தின் ஓரமாக நின்று வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊர் முனையில் ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும். அந்தச் சிரிப்பைத்தான் வைக்க வேண்டுமென்று தருமபுரிக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பெரிதாக்கப் பெரிதாக்க அது கட்டம் கட்டமாகச் சிதறியது. கண் இருந்த இடத்தில் நாலு கறுப்புக் கட்டம்.

“இதுல ஒண்ணும் பண்ண முடியாதுங்க. பேங்க் பாஸ்புக்குல ஒட்டுன போட்டோ இருந்தாக் கொண்டாங்க.”

கொண்டுபோனேன். அதில் அம்மா யாருக்கோ பயந்தவள் போல இருந்தாள். அந்தத் தலையை வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்த ஒரு பட்டுச்சேலை உடம்பின்மேல் ஒட்டிக் கொடுத்தார். அம்மா வாழ்நாளில் போட்டே பார்த்திராத ஆரம் கழுத்தில் கிடந்தது.

காரியத்தன்று மாமா அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குது. தூரத்துல பாத்தா யாருக்குத் தெரியப் போவுது?” என்றவர், என் தோளில் தொங்கிய அந்தப் பழைய கேமராவின் பக்கம் கையை நீட்டினார். “கேமராவக் குடு மச்சான். சொந்தமெல்லாம் வந்திருக்குது, ஒரு போட்டோ புடிச்சிரலாம்.”

“தர மாட்டேன்.”

பங்காளிகள் எல்லோரும் திரும்பினார்கள். அவர் முகம் பஸ்ஸில் சுண்டிய மாதிரியே சுண்டியது. இலையில் உட்காராமல் வண்டியை எடுத்தார். அக்கா அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். எனக்கு இரக்கமே வரவில்லை. ஆனாலும் கேமராவைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தேன், “வுடுடா” என்று அம்மா சொல்வதற்காக.