மூன்று கால் பிளக், நான்கு கால் பிளக்

ராணுவ வீட்டுப் பெண்களுக்கு மாற்றல் உத்தரவு வந்தால் வாடகையைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ அப்புறம்தான் கேட்பார்கள். முதல் கேள்வி, "டிரையருக்கு மூணா, நாலா?" என்பதுதான்.

பழைய வீடுகளில் துணி காயவைக்கிற டிரையரின் பிளக் பாயிண்டுக்கு மூன்று ஓட்டை. புது வீடுகளில் நான்கு. டிரையர் என்னவோ கட்டில் பீரோவோடு லாரியில் ஏறி வந்துவிடும், அதன் வாலான ஒயர் மட்டும் போகிற இடத்துக்குச் சேராது. வால் சேராவிட்டால் ஈரத்துணி மூட்டையோடு உட்கார வேண்டியதுதான்.

வெர்லீன் ஸ்டக்கி அப்படிப் பதினோரு வீடு மாறியவள். வயது நாற்பத்தேழு, கணவன் டெல்மர் மாஸ்டர் சார்ஜெண்ட். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ராணுவ முகாமை ஒட்டிய இந்த ஊருக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. அவள் கார் ஷெட்டில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள் இருக்கும். ஒன்றில் மூன்று கால் ஒயர்கள், மற்றதில் நான்கு கால். ஊரை விட்டுப் போகிறவள் தன்னுடையதைப் போட்டுவிட்டு வேண்டியதை எடுத்துப் போவாள், வருகிறவளும் அப்படியே. புருஷன் வெளிநாட்டில் இருந்தால் வெர்லீனே போய் மாட்டிக் கொடுப்பாள். காசு வாங்கமாட்டாள். வாழைப்பழ புட்டிங் ஒரு தட்டு கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டாள்.

ஒயரை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. வித்தை முழுக்க சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு ஓட்டை போட்ட ஒரு செப்புப் பட்டையில் இருக்கிறது. நான்கு கால் ஒயரில் எர்த்துக்கென்று தனிக்கம்பி உண்டு, அதனால் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். மூன்று கால் ஒயரில் அந்தக் கம்பி கிடையாது, நடுக்கம்பியையும் டிரையரின் பாடியையும் பட்டைதான் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அங்கே பட்டையை மாட்ட மறந்தாலும் டிரையர் ஓடும், துணி காயும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. உள்ளே என்றைக்காவது ஒரு கம்பி இற்றுப்போய்த் தகரத்தைத் தொட்டால், அன்றைக்குத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். ஆளைக்கூடக் கொன்றுவிடும்.

போன வருடம் இந்தப் பிழையைச் செய்தது ஆர்வில் டீக். வாடகை வீடுகளுக்கெல்லாம் ரிப்பேர் வேலை பார்க்கிற அறுபது வயதுக்காரர். அவர் ஒயர் மாட்டிய ஒரு வீட்டில் தூசி எடுக்க டிரையரின் பின்மூடியைத் திறந்த வெர்லீன் பட்டை இல்லாததைக் கண்டாள். வேறு யாராக இருந்தாலும் ஒரு பட்டையை மாட்டிவிட்டு நடையைக் கட்டியிருப்பார்கள். வெர்லீனுக்கு அடக்கம் கொஞ்சம் தூரம். ஆர்வில்லை வரவழைத்து, நாலு பெண்களுக்கு முன்னால் நிறுத்தி, "இதுல என்ன குறையுது, நீங்களே சொல்லுங்க" என்றாள். அவரும் காது சிவக்க, பட்டையை மாட்ட மறந்துவிட்டதாகச் சொன்னார். அதன்பின் அந்த வட்டாரத்தில் டிரையர் என்றால் வெர்லீன் என்றாகிவிட்டது. அந்தக் கதையை அவளும் சும்மா விடவில்லை, போகிற இடமெல்லாம் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு வீடு. காலையில் முகாமுக்குள் புதுக் குடியிருப்பில் பச்சேகோ வீடு. நான்கு கால் ஒயர், பட்டையைக் கழற்ற வேண்டும். அப்படிக் கழற்றினால் அடுத்த மாற்றலுக்கு உதவட்டும் என்று பின்மூடிக்கு உள்ளே டேப் போட்டு ஒட்டிவைப்பது அவள் வழக்கம். மதியம் ஊருக்குள் பழைய வாடகை வீட்டில் பிரின்லி ஹோல்கம். இருபத்துமூன்று வயது, நடை பழகுகிற ஒரு பையன், வந்து ஒன்பது நாள். அங்கே மூன்று கால். பட்டை எப்போதோ தொலைந்துபோயிருந்ததால் வெர்லீன் தன் டப்பாவிலிருந்து ஒன்றைக் கையில் எடுத்தாள். அந்த நேரம் பார்த்து குவைத் முகாமிலிருந்து பிரின்லியின் கணவன் போனில் வந்தான்.

"வீட்டு ஓனரோட ரிப்பேர் ஆள் வரட்டும் பிரின். தெரியாதவங்க கரண்ட்ல கை வைக்க வேண்டாம்" என்பது வெர்லீன் காதில் விழுந்தது.

"போனை இப்படிக் குடு கண்ணு" என்று வாங்கிக்கொண்டாள். "தம்பி, அந்த ஆள் போன வருஷம் என்ன பண்ணினார் தெரியுமா?" என்று ஆரம்பித்து முழுக்கதையையும் சொல்லி முடித்தாள். அவனும் சிரித்து, "சரிங்க மேடம், நீங்களே பாத்துக்குங்க" என்றான். வெர்லீன் மூடியை முடுக்கினாள், டிரையர் ஓடியது, புட்டிங்கோடு வீடு திரும்பினாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவளுடைய டிரையருக்குள் ஏதோ டக்டக்கென்று உருண்டது. நேற்றுப் போட்டிருந்த ஜீன்ஸை அப்படியே துவைக்கப் போட்டிருந்தாள். நிறுத்திக் கையை விட்டால், சூடாக ஒரு செப்புப் பட்டை.

பச்சேகோ வீட்டில் கழற்றியது என்றால் ஒட்ட மறந்தது மட்டும்தான், குடி முழுகிவிடாது. பிரின்லி வீட்டில் மாட்ட எடுத்தது என்றால்? எவ்வளவு யோசித்தும் மாட்டியதாக ஞாபகம் இல்லை. பேசியது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

டெல்மர் முட்டையைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "என்ன, மூஞ்சி செத்துப்போச்சு?"

அவள் பட்டையைக் காட்டினாள். அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

"போனைப் போட்டு, பிளக்கைப் பிடுங்கி வைன்னு சொல்லு அந்தப் பொண்ணுகிட்ட."

"அதைச் சொன்னா எல்லாத்தையும் சொல்லணும்."

"சொல்லேன்."

"நேர்ல போறேன்" என்று டூல் பையை எடுத்தாள். காரில் ஏறும் முன் தலை வாரிக்கொண்டாள், காபி குடித்தாள், என்ன சாக்குச் சொல்வது என்று யோசித்தாள். அதிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

பிரின்லி வீட்டில் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. பையன் வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று, ஒரு கையை டிரையரிலும் ஒரு கையை வாஷிங் மெஷினிலும் வைத்துக்கொண்டு, அதிர்வு பிடித்துப்போய்ச் சிரித்துக்கொண்டிருந்தான். வெர்லீன் அவனை அப்படியே தூக்கித் தாயிடம் கொடுத்தாள், டிரையரை நிறுத்தினாள், பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்னாச்சு மிஸ் வெர்லீன்?"

"ஒண்ணுமில்ல கண்ணு. ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கோன்னு சந்தேகம். பாத்துட்டுப் போயிடறேன்."

மூடியைத் திறந்தாள். பட்டை இல்லை. பாக்கெட்டிலிருந்து எடுத்து மாட்டினாள், இரண்டு ஸ்க்ரூவையும் கை வலிக்க முடுக்கினாள், மூடியைப் போட்டாள். ஐந்து நிமிட வேலை. பிரின்லி வாசல்படியில் நின்று பையனுக்குப் பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தாள், எதையும் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம். வெர்லீன் கதவு வரை போகவும் போனாள். பையன் பிஸ்கட் கையோடு அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ஸ்க்ரூ லூசுன்னு சொன்னது பொய். நேத்து ஒரு பட்டையை மாட்டாம விட்டுட்டேன். உன் வீட்டுக்காரர்கிட்ட வாயடிச்சிட்டு இருந்தேன்ல, அப்ப பாக்கெட்ல போட்டிருக்கேன். உள்ள ஏதாவது கோளாறுன்னா பாடி முழுக்க கரண்ட் வந்திருக்கும். இப்ப மாட்டிட்டேன்."

பிரின்லி பையனை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஒன்பது மணிக்கு."

"இப்ப பத்தரை. இவன் காலைலேர்ந்து அதைக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கறான்." அவள் குரல் உயரவில்லை. "ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணியிருக்கலாம்."

"ஏன் பண்ணல?"

"உனக்குத் தெரியாமலே மாட்டிட்டுப் போயிடலாம்னு பாத்தேன்."

பிரின்லி போனை எடுத்து, வெர்லீன் முன்னாலேயே ஆர்வில் டீக்கைக் கூப்பிட்டாள். ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்துச் சொன்னால்தான் நம்புவேன் என்றாள். வெர்லீன் போயிருக்கலாம். இருந்தாள்.

இருபது நிமிடத்தில் ஆர்வில் சர்ச்சிலிருந்து நேரே டையோடு வந்து சேர்ந்தார். நடந்ததைப் பிரின்லி சொன்னாள், ஒன்றையும் குறைக்கவில்லை. அவர் மூடியைக் கழற்றி, குனிந்து, பட்டையை விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்று மூடியைத் திரும்பப் போட்டு முடுக்கினார்.

வெர்லீன் காத்திருந்தாள். ஒரு வருடக் கதைக்கு என்ன திரும்பி வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள்.

"சொல்லிடுங்க ஆர்வில். நாலு பேர் இல்லை, ஒருத்திதான் இருக்கா, பரவால்ல" என்றாள்.

"இவங்க கூப்பிட்டு வந்தீங்களா, நீங்களா வந்தீங்களா?" என்று கேட்டார் அவர்.

"அவங்களாதான் வந்தாங்க. லேட்டா வந்தாங்க" என்றாள் பிரின்லி.

ஆர்வில் முழங்காலைத் தட்டிக்கொண்டே எழுந்தார். "போன வருஷம் பட்டையை மாட்டாம விட்டது எனக்கு அன்னைக்கே தெரியும். வேன்ல ஏறி உக்காந்தா பட்டை சீட்டு மேல கிடக்குது. இறங்கிப் போய் மாட்டியிருக்கணும். யாருக்குத் தெரியப்போகுதுன்னு வண்டியை எடுத்துட்டேன். நீங்க கூப்பிட்டப்ப மறந்துட்டேன்னு சொன்னேனே, மறக்கல."

"எத்தனை நாள் அப்படியே இருந்துது?" என்றாள் பிரின்லி.

"மூணு வாரம்."

 

பிரின்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பையனைக் கொண்டுபோய்க் கூடத்தில் தடுப்புக் கட்டிலுக்குள் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். ஆர்வில்லின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டு டிரையருக்குப் பின்னால் மண்டியிட்டாள்.

"தள்ளிக்குங்க ரெண்டு பேரும். நானே பாக்கறேன்."