மாமாவின் மணலில் என் பச்சை மை

பிள்ளைகளா, லீவுக்குத் தூத்துக்குடியிலுள்ள உங்கள் மாமா வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து, உங்கள் இருவர் வாயிலும் "மாமா சொன்னாக" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அவருக்குக் கடல் உயிர்களை ஆராயும் கூடத்தில் வேலை. எனக்குச் சிவகாசியில் பிளாஸ்டிக் பைகளில் அச்சடிக்கும் வேலை. அந்தச் சீசனில் வந்த ஆர்டரில் பச்சை மையில் ஓர் இலை, கீழே 'மண்ணில் மக்கும் பை' என்ற எழுத்து. ஆசையாகக் கொண்டுவந்து காட்டினேன். சின்னவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மாமாகிட்ட மணல்ல துள்ளுற பூச்சி இருக்குப்பா. பூச்சி இல்ல, எறால் சாதியாம். கரையில ஒதுங்குற பாசியத் தின்னுருமாம்."

எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த லீவுக்கு நானே உங்களைக் கூட்டிப்போனேன். மெஷின் ஓடத் தொடங்கும்போது கலர் இடம் விலகி அச்சாகி வீணாகும் கவர்களை வீட்டுக்குக் கொண்டுவருவது எங்கள் கம்பெனியில் வழக்கம். நம் வீட்டு முறுக்கும் அதில்தான் இருக்கும். அப்படி வந்த பச்சை இலைக் கவர் ஒன்றை மாமாவிடம் நீட்டினேன்.

"உன் பூச்சி இதத் தின்னட்டும் மாப்ளே. மக்குற சாமான், ஒண்ணும் செய்யாது."

மாமா சிரித்தார். "சோதிக்கணும்னா அச்சடிக்காத வெறும் கவர்தான வேணும் அத்தான். சிவகாசிக்காரக கலர் இல்லாம ஒண்ணும் கொண்டாரமாட்டீகளே."

ஆனாலும் ஈர மணலும் பூச்சிகளும் இருந்த ஜாடியில் இலை இருந்த பக்கத்தை வெட்டிப் போட்டு, பக்கத்தில் கொஞ்சம் பாசியும் போட்டார்.

மறுநாள் துண்டின் ஓரமெல்லாம் கடிபட்டிருந்தது. "பாத்தீகளா?" என்று நிமிர்ந்தேன். நீங்கள் மாமாவின் லென்ஸுக்குள் குனிந்திருந்தீர்கள். மணலில் பச்சைத் தூள். அந்தப் பூச்சிகளின் எச்சம். உள்ளே போன கவர் மக்காமல், பொடியாகி வெளியே வந்திருந்தது. பக்கத்தில் போட்ட பாசி அப்படியே கிடந்தது.

"மண்ணுல மக்குறது கடல் மணல்லயும் மக்கும்னு இல்ல அத்தான். இதுல வயிறு ரொம்பிட்டா பாசி எப்படி இறங்கும்? இல்ல, மைதான் காரணமோ என்னமோ, இன்னும் பாக்கணும். ஆனா உங்க பச்சை இல்லன்னா எச்சத்துல இருந்தது கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது."

பாராட்டுத்தான். அதையும் அவர் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் சின்னவள் என் மடியில் சாய்ந்தாள்.

"அந்தப் பச்சை நீங்க அடிச்சதாப்பா?"

"ஆமா."

அவளுக்கு என்னிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிட்டது என்று மனம் குளிர்ந்தது.

"அப்ப அந்தப் பூச்சிக்கு வயிறு வலிச்சிருக்குமா?"

ஜன்னலுக்கு வெளியே சாத்தூர் போய்க்கொண்டிருந்தது.

"வீட்டுக்குப் போனதும் மாமாவுக்குப் போன் போட்டுக் கேப்போம்."