அண்ணனைச் சாய்த்தது பயிற்சி அல்ல

இலுப்பூரை அடுத்த எங்கள் ஊரில், குறைமாதத்தில், அழாமல் பிறந்தவர் அண்ணன். மூளை முடக்குவாதம் என்று தெரியவே மூன்று வயதாகிவிட்டதாம். தவழ்ந்தார், சுவரைப் பிடித்து நின்றார், பிறகு அம்மாவின் கையைப் பிடித்து நடந்தார். பிடித்த அந்தக் கையை அம்மா இருபது வருடம் விடவில்லை.

விட வைத்தவள் நான். கல்லூரியில் சேர்ந்த வேகத்தில் எதையெதையோ தேடிப் படித்து, அண்ணனை பஸ் ஏற்றி, இலுப்பூரில் பிசியோதெரபி பார்க்கும் அக்காவிடம் கூட்டிப்போனேன். காலை அகட்டி நிற்பது, பாதங்களைச் சேர்த்து நிற்பது, மடித்த சாக்கின் மேல் நின்று பந்து பிடிப்பது என்று பயிற்சிகள்.

"ஆடட்டும்மா. ஆடுனாத்தான் ஒடம்பு நிக்கக் கத்துக்கும். சாயும்போது பிடிங்க, அதுக்கு முன்னாடி பிடிக்காதீங்க" என்றார் அக்கா.

"விழுந்தா நீங்க வந்து தூக்குவீங்களா?" என்றார் அம்மா.

"நானே எந்திரிப்பேன். நீ தள்ளிக்கம்மா" என்று அண்ணன் இழுத்து இழுத்துச் சொன்னார்.

எட்டாம் மாதம், யாரும் தொடாமல் முப்பது எண்ணும்வரை நின்றார். எண்ணியவள் நான். "ஏமாத்தாத, மெதுவா எண்ணு" என்று அதட்டிவிட்டு மறுபடியும் நின்று காட்டினார்.

அந்த வருடம்தான் குவைத்திலிருந்து வந்த அப்பா வீட்டைப் புதுப்பித்தார். சொரசொரப்பான சிமெண்டுத் தரைக்கு மேல், முகம் தெரிகிற வெள்ளை டைல்ஸ். கடையில் அதைக் கைகாட்டியவள் நான். பால் காய்ச்ச வருகிறவர்கள் அசந்துபோக வேண்டும் என்று மட்டுமே நினைத்தேன். முதல் நாளே அண்ணன் சொன்னார்: "தரை வழுக்குது பாப்பா."

"பழகிரும்ணே" என்றேன்.

பழகவில்லை. ஒரு காலையில், துடைத்த ஈரம் காயும் முன்பே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு படுக்கைதான். நெஞ்சில் சளி கட்டியது. ஆறாவது வாரம் மூச்சு அடங்கியது. இருபத்தாறு வயது.

ஆஸ்பத்திரியில் அம்மா என்னை வைதபோது, "அவளத் திட்டாதம்மா, நாந்தான் வேகமாப் போனேன்" என்றார் அண்ணன். வாழ்நாளில் ஒருநாள்கூட வேகமாக நடந்திராதவர்.

துக்கத்துக்கு வந்தவர்கள், "கையை விட்டு நடக்க விட்டுத்தானே புள்ளைய பறிகொடுத்தாக" என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. அதைக் கேட்டுத்தான், அண்ணனைப் போலவே பிறந்த தன் மகளைப் பயிற்சிக்கு அனுப்புவதைச் சித்தி நிறுத்திவிட்டார். ஒரு வருடமாக அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

பயிற்சி தந்த அக்காவுக்கும், ஆம்புலன்சில் கூடவே வந்த பக்கத்து வீட்டு மாமாவுக்கும், ரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், பதினாறாம் நாள் வரை எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட பங்காளி வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

சித்தி, அண்ணனை விழ வைத்தது நான் எடுத்த தரை. பயிற்சி அவரை நிற்க மட்டுமே வைத்தது. நாளைக் காலை ஏழரை மணி பஸ்ஸுக்கு உங்கள் வாசலுக்கு வருகிறேன். தங்கச்சியை என்னோடு அனுப்புங்கள்.