அரபு தெரிந்தவர் தேவை

பல்கலைக்கழகத்தில் அரபு இலக்கணம் கற்பிக்கிறேன். பழைய அரபு இரங்கற்பாக்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். ஆனால் அரபு நாடு எதற்கும் போனதில்லை. அரபியர் ஒருவரோடு சேர்ந்தாற்போல அரை மணி நேரம் பேசியதும் இல்லை.

ஒரு விடுமுறையில் எங்கள் ஊரான உக்குவளையில் இருந்தபோது, அரபு தெரிந்தவர் தேவை என்று சீகிரியா ஹோட்டல் ஒன்றிலிருந்து அழைத்தார்கள். ஜோர்தான்காரர் ஒருவர் குன்றில் ஏறும்போது மயங்கி விழுந்துவிட்டாராம். மனைவிக்கு அரபு தவிர வேறு மொழி தெரியாதாம். வேன் அனுப்பினார்கள்.

நான் தம்புள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் இறந்திருந்தார். யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார்.

"எங்களால ஏலுமான எல்லாம் செய்து பாத்தம். அவவுக்கு நீங்கள்தான் சொல்லோணும்."

அந்தப் பெண் வாங்கில் உட்கார்ந்திருந்தார். மடியில் கணவரின் காலிலிருந்து கழற்றிய சப்பாத்துகள். ஸலாம் சொல்லிவிட்டுத் தொடங்கினேன். இறைவனின் நாட்டம், மருத்துவர்களின் முயற்சி என்று என் வாக்கியம் நீண்டுகொண்டே போனது. அவர் கையை உயர்த்தினார்.

"நியூஸ் வாசிக்கிற மாதிரிப் பேசாதீங்க. அவர் இருக்காரா, இல்லையா?"

"மாத்," என்றேன். இறந்துவிட்டார். இலக்கணப்படி அந்தச் சொல்லின் ஈற்றில் ஓர் உயிர் ஒலிக்க வேண்டும். வகுப்பில் யாராவது அதை விட்டால் புள்ளி குறைப்பேன்.

அவர் அழவில்லை. சப்பாத்துகளைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உடலை அனுப்பிவைக்கும்படி மகன்மார் போனில் கேட்டார்கள். தாய் சம்மதிக்கவில்லை. "எவ்வளவு நாளைக்கு ஐஸில வெச்சிருப்பாங்க? இங்க எனக்காகப் பேசுற இவங்க ஊரும் முஸ்லிம் ஊர்தான். அங்கேயே அடக்கட்டும்."

பொலிஸ், தூதரகம் எல்லாம் முடிந்து மறுநாள் உக்குவளையில் அடக்கினோம். அவரை உயிரோடு கண்டிராத எங்கள் ஆண்கள் பள்ளி நிறையத் தொழுதார்கள். அந்நேரம் அவர் மனைவி எங்கள் வீட்டில் இருந்தார். என் மூத்த சகோதரி, ராத்தா, கஞ்சி கொடுத்தாள்.

"அவங்களுக்குப் புள்ளைங்க எத்தனன்னு கேளேன்."

கேட்டேன். மூன்று என்றார். பிறகு தானாகவே பேசினார். "எங்க ஊர்ல டொக்டர் மலை ஏற வேணாம்னுதான் சொன்னார். இவர் எதைத்தான் கேட்டார்?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. ராத்தா என் மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் அவரைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

நாடு திரும்பப் புறப்படும்போது என்னிடம், "அவரைப் போய்ப் பாருங்க," என்றார். எங்கள் ஊரில் பெண்கள் அடக்கத்தலமான மையவாடிக்குள் போவதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் கண்டி பஸ்ஸுக்குப் போகும் வழியில் மையவாடி மதிலோரம் நின்று, அரபில் ஸலாம் சொல்லிவிட்டுப் போனேன்.