வெறுங்கை அக்காவிடம் ஒப்படைத்தது

எங்கள் மையத்தில் அவரை வெறுங்கை அக்கா என்று முதலில் கூப்பிட்டவன் நான்தான். அடுத்தவருக்குப் பட்டப்பெயர் வைப்பதென்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காமல் தொழில் கற்றுக்கொண்டவர்கள் எங்களிடம் வருவார்கள். வேலை தெரியும், தெரியும் என்று சொல்ல ஒரு சான்றிதழ் இருக்காது. அவர்களை அக்கா தயார் செய்வார். தேர்வு அதிகாரி வந்து செய்யச் சொல்லிப் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார். நான் வீடியோ எடுப்பேன்.

அக்காவே தையல் ஆலையில் காலர் தைத்துப் பாதி ஆயுளைக் கழித்தவர். ஆலை மூடிய பிறகு வேலை தேடிப் போன இடத்தில் ஒருவன் ‘முன் அனுபவம் இல்லை’ என்று எழுதிவிட்டானாம். அந்தக் கோபத்தில்தான் இந்த வேலைக்கே வந்தார். அந்தக் கோபம் கடைசி வரை ஆறவில்லை.

மையத்தில் கருவி என்று ஒரு சுத்தியல்கூடக் கிடையாது. அதனால் தாழ்வாரத்தின் கடைசி அறையைக் காலி செய்து, வெறுங்கையாலேயே வேலையைச் செய்து காட்டச் சொன்னார். “கையில சாமான் இருந்தா எல்லாரும் சாமானைத்தான் பாப்பாங்க. வெறுங்கைன்னா வேலை தெரியும்” என்பார். நானும் இதெல்லாம் கூத்து என்றுதான் நினைத்தேன். ஒரு முடிதிருத்துபவர் இல்லாத துணியை உதறியபோது என்னை அறியாமல் என் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

அக்காவுக்கு ஒரே ஒரு கறார் உண்டு. “எடுத்ததையெல்லாம் எடுத்த இடத்துல வச்சிட்டுப் போங்க.” தச்சர் இல்லாத உளியை இல்லாத பையில் போடும்வரை கதவைத் திறக்க மாட்டார்.

“ஏன்க்கா, உளி கால்ல குத்திடுமா?”

“குத்தினா நீதான் ரத்தத்தைத் துடைக்கணும்” என்பார். சிரிக்கவே மாட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் நான் மருமகள் என்று பெயர் வைத்த அந்தப் பெண் வந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. சான்றிதழ் இல்லாதவர்களை மாதக் கடைசியில் அனுப்பிவிடப் போகிறார்கள். அந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாரைப் பல வருஷம் பார்த்துக்கொண்டதுதான் அவருடைய படிப்பு. எங்களிடம் அதுவும் செல்லும்.

தயார் செய்யும்போது அக்காவிடம் ஒன்று சொல்லி அழுதார். கேமராவைத் துடைத்துக்கொண்டு நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

“அடுப்பை அணைக்கத்தான் போனேங்கா. கட்டிலோட பக்கக் கம்பியைத் தூக்கிவிட மறந்துட்டேன். விழுந்துட்டார். அதோட உயிர் போயிடுச்சு. இன்னும் ராத்திரியில கூப்பிடற மாதிரியே இருக்கு. எழுந்து எழுந்து போய்ப் பாக்கறேன்.”

அக்கா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

தேர்வு அன்று மதியம். நல்ல வெயில், ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. மருமகள் வெறும் தரையில் ஓரிடத்தில் நின்று, காலால் எதையோ அழுத்தினார். கட்டில் சக்கரத்தின் பிரேக். பக்கக் கம்பியை இறக்கினார். “மாமா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க” என்று தோளையும் இடுப்பையும் பிடித்துப் புரட்டினார். பழைய விரிப்பைச் சுருட்டி முதுகோடு ஒட்டித் தள்ளினார், புதியதைப் பாதி விரித்தார், மறுபடி இந்தப் பக்கம் புரட்டி, மறுபக்கம் போய் இழுத்துச் செருகினார். குதிகாலைத் தூக்கிச் சிவந்திருக்கிறதா என்று பார்த்தார். கரண்டியில் தண்ணீர் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்தபடி காத்திருந்தார். அந்த நேரம் முழுக்க நானும் மூச்சுவிடவில்லை. விழுங்கிய பிறகுதான் விட்டேன்.

“போதும்மா, வெளிய வாங்க” என்றார் அதிகாரி. அவருக்கு அடுத்து இன்னொரு மையத்துக்குப் போக வேண்டும். நானும் கேமராவை அணைத்துவிட்டேன். அதனால் இனி நான் சொல்வதற்கு அத்தாட்சி கிடையாது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

மருமகள் நகரவில்லை. “அடுத்து யாரு பாத்துக்குவா?” என்று கேட்டார். அதிகாரி சிரித்தார். அவர் கேலியாகச் சிரிக்கவில்லை, நல்ல மனிதர்தான். எனக்குத்தான் அக்காவின் கறார் ஞாபகம் வந்தது. தச்சரின் உளியைப் பையில் போடலாம். மாமாவை எங்கே வைப்பது?

“நான் பாத்துக்கறேன், நீங்க போங்கம்மா” என்றார் அக்கா.

“வலது காது கேக்காதுக்கா. இடது பக்கம் நின்னு பேசுங்க” என்று சொல்லிவிட்டு மருமகள் வெளியே வந்தார். பின்னாலேயே நாங்களும் வந்தோம், அக்கா உட்பட.

தாழ்வாரத்தில் அதிகாரி தயங்கித் தயங்கிச் சொன்னார். “எல்லாம் நல்லா பண்ணீங்கம்மா. ஆனா பக்கக் கம்பியைத் தூக்கிவிடாம வந்துட்டீங்க. பேஷன்ட் விழுந்திருப்பார். இதுல நான் பாஸ் போட முடியாது.”

மருமகளின் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. வேலை போகப் போகிறது என்பதுகூட அவருக்கு அப்போது உறைத்திருக்காது. விழுந்திருப்பார் என்ற ஒரு வார்த்தைதான் காதில் விழுந்திருக்கும்.

அக்கா குறுக்கே வந்து நின்றார். “சார், அவங்க என்கிட்ட ஒப்படைச்சிட்டுத்தான் வந்தாங்க. நான் பாத்துக்கறேன்னு சொன்னேன், நீங்களும் கேட்டீங்க. கம்பியைத் தூக்காம விட்டுட்டு வந்தது நான். இவங்க இல்ல.”

அப்போது காலி அறைக்குள்ளிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம். கனமான உடம்பு ஒன்று கட்டிலின் ஓரத்துக்கு நகர்வதுபோல.

“மாமா!” என்று மருமகள் அலறினார். அதற்குள் அக்கா உள்ளே ஓடிவிட்டார். இடது பக்கமாகச் சுற்றிப் போய், குனிந்து, “ஒண்ணுமில்லங்க, இங்கதான் இருக்கேன்” என்றார். இரண்டு கையாலும் எதையோ பிடித்து மேலே இழுத்தார்.

டக்.

இரும்புக் கொக்கி விழுந்த சத்தம். நாங்கள் எல்லோருமே கேட்டோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அதிகாரி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவருடைய பை அறைக்குள் எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் இருந்தது. நேரே நடந்து போய் எடுத்திருக்கலாம். அவர் சுவரை உரசிக்கொண்டு சுற்றிப் போய் எடுத்தார், அப்படியே திரும்பியும் வந்தார்.

மருமகளின் வேலை நிலைத்தது. கொஞ்ச நாள் கழித்து அக்கா அவருக்குப் போன் செய்தார். மாமாவைத் திரும்ப அழைத்துப் போகச் சொல்லத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் எனக்கே கேட்டது. “எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் நிம்மதியா தூங்கறேங்கா. இப்ப யாரும் கூப்பிடறதில்ல.” அக்கா நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அதன் பிறகு அக்கா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அந்த அறைக்குப் போய்விடுவார். தேர்வுகளை வேறு அறைக்கு மாற்றினோம். விடுமுறை நாளிலும் ஒருநடை வந்து போவார். வீட்டுக்குக் கிளம்பும்போது தாழ்வாரத்தில் நின்றால் அந்த டக் கேட்கும். “அவரை டிஸ்சார்ஜ் பண்ணிடுங்கக்கா” என்று ஒருநாள் வாயடித்தேன். “எங்க அனுப்பறது?” என்று கேட்டார். உண்மையாகவே என்னிடம் யோசனை கேட்டார். அன்றைக்கு என் மீதே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அக்கா ஓய்வு பெற்ற நாளில் மகள் வந்து கீழே காரில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். வேறு ஊருக்குத் தன்னோடு அழைத்துப் போகிறாள். அக்கா அந்த அறையிலேயே நின்றார். ஒரு கை காற்றில், கம்பியைப் பிடித்தபடி. கால் வாசல் பக்கம் திரும்பும், நின்றுவிடும். அழுதுவிடுவார்போல இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“போங்கக்கா, நான் பாத்துக்கறேன்.”

அக்கா கம்பியிலிருந்து கையை எடுத்தார். “இடது பக்கம் நின்னு பேசு” என்றார். பிறகு படியிறங்கிப் போனார். தலையிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தவர் நடை அது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது என் சாப்பாட்டுப் பாத்திரமும் அந்த அறைக்குத்தான் போகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நன்றாகப் பழகுகிறேன். யாருக்கும் பட்டப்பெயர் வைப்பதில்லை. தாமதமாகக் கிளம்பும் நாட்களில், வீட்டில் தேடுவார்களே என்று எல்லோர் காதிலும் விழும்படி அலுத்துக்கொள்கிறேன். யாராவது ஒருவர் வாய்தவறி ‘நான் பாத்துக்கறேன்’ என்று சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருக்கிறேன்.