சாக்கடைத் தண்ணீருக்கு ஐஸ்

"ஏம்மா, மீன் பொட்டியெல்லாம் ஏத்தாத. எறங்கு."

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் இப்படிச் சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மீன் இல்லீங்க, சாக்கடைத் தண்ணி" என்றேன். மீனுக்காவது டிக்கியில் இடம் கிடைத்திருக்கும். அவர் விசிலே ஊதிவிட்டார்.

கரண்ட் கட் உச்சத்தில் இருந்த வருடம். விழுப்புரத்தில் எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல், கடைசி செமஸ்டர். கூடப் படித்தவர்கள் புராஜெக்டை முடித்து ஊருக்குப் போய்விட்டார்கள். ஹாஸ்டலில் என் மாடியில் நான் மட்டும். சில நாள் மெஸ்ஸில் "சாம்பார் போதும்ணே" என்பதுதான் நான் பேசிய மொத்தப் பேச்சு. முதல் சாம்பிள், கரண்ட் போய் லேபில் இன்குபேட்டர் நின்றதில் வீணாகியிருந்தது. திண்டிவனத்தில் மறுபடி எடுத்து லேபுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது இரண்டாவது. "இதுவும் சொதப்பினா இன்னொரு செமஸ்டர்தாம்மா" என்று கைடு சொல்லிவிட்டார். படிப்புகூடப் பரவாயில்லை. அந்த மாடியில் இன்னும் ஆறு மாதம் என்று நினைத்தாலே அழுகை வந்தது.

அடுத்த பஸ்ஸின் கடைசி சீட்டில் மரக்காணத்து மீன்காரம்மா ஒருவர் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் என்னைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள், "ரெண்டு பொட்டியும் நம்மளுதுதான், வுடுப்பா" என்றார்.

விக்கிரவாண்டியில் பஸ் பிரேக்டவுன். வெயிலில் காத்து நின்று பெட்டியைத் திறந்தால், ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது. அத்தனை பேர் நடுவில் அழுதேன்.

"இன்னா மீனு? கெட்டுப்பூடுச்சா?" என்று எட்டிப் பார்த்தார் மீன்காரம்மா.

"ஏரியில கலக்குற சாக்கடைத் தண்ணிம்மா. டெஸ்ட் பண்ணணும். ஐஸ் இல்லன்னா கெட்டுடும்."

"கெட்ட தண்ணி இன்னும் இன்னா கெடப்போவுது?"

என் புராஜெக்டைப் பற்றி அதுவரை யாரும் கேட்காத கேள்வி. கிருமிகள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்னும், எவ்வளவு தின்கின்றன என்பதுதான் பிஓடி, ஐஸ் இல்லாவிட்டால் லேபுக்குப் போவதற்குள்ளேயே தின்ன ஆரம்பித்துவிடும் என்று விளக்கினேன். தேவைக்கு மேலேயே விளக்கினேன். கேட்டுக்கொண்டே அவர் தன் பெட்டியிலிருந்து ஐஸை இரண்டு கையாலும் அள்ளி என் பாட்டில்களைச் சுற்றிப் போட்டார்.

"உங்க மீனு?"

"அத்த இங்கயே வித்துக்கலாம். வேற பஸ்ஸு வருது பாரு, ஜல்தி ஏறு."

அந்த சாம்பிள் தேறியது. லேபில் ரிசல்ட் வந்த அன்று சொல்லிச் சந்தோஷப்பட ஆளில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டது "எந்த ஏரி?" என்பது மட்டும்.

இப்போது நான் பொறுப்பில் இருக்கும் லேபில் சாம்பிள் எடுக்க யாரையும் தனியாக அனுப்புவதில்லை. "நாலு பாட்டில் தூக்க எதுக்கு மேடம் ரெண்டு பேரு?" என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். தூக்க ஒருவர் போதும்தான். திரும்பி வரும்போது பேச இன்னொருவர் வேண்டும்.